பழைய சிறு கிட்டாரா, புதியதா: எடையைத் தூக்கிப் பார்த்து எடுக்கும் முடிவு

டிரெட்நாட் என்னும் பெரிய உடல் கொண்ட கிட்டாரைப் பல ஆண்டுகள் மடியில் வைத்து வாசித்துப் பழகிய ஒருவர், 1930களில் செய்யப்பட்ட சிறு கிட்டார் ஒன்றை முதன்முறையாகக் கையில் வாங்கும்போது, அதன் ஒலியைக் கேட்பதற்கு முன்பே அதன் எடையால் திடுக்கிடுகிறார். ஒன்றரைக் கிலோவை ஒட்டியே இருக்கும் அந்தக் கருவி, உள்ளே வைக்க வேண்டிய எதையோ வைக்க மறந்துவிட்டார்களோ என்று எண்ண வைக்கும். பிறகு ஆறாம் கம்பியைக் கட்டைவிரலால் மெல்லத் தொட்டால், முதுகுப்பலகை வாசிப்பவரின் வயிற்றோடு சேர்ந்து அதிர்கிறது. இந்த அனுபவத்துக்கு ஒருமுறை ஆட்பட்டவர்கள்தாம் பழைய கிட்டார்களைத் தேடி அலையத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் அலைந்தேன்.

அந்த அலைச்சலில் எனக்குத் தெளிவானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சிறு கிட்டாரில் நம்மை மயக்கும் குணங்களில் பெரும்பங்கு அது இலேசாகச் செய்யப்பட்டதால் வந்தது. வயதால் வந்தது சிறுபங்கே. அதே இலேசான கட்டுமானம்தான் அதன் பழுதுகளுக்கும் வேர். ஆகவே பழையதை வாங்குவதா புதியதை வாங்குவதா என்று தயங்குபவர், எவ்வளவு பணத்தையும் எவ்வளவு பராமரிப்பையும் கொடுத்து எவ்வளவு எடையைக் குறைத்துக்கொள்ளப் போகிறோம் என்று கணக்கிட்டால் குழப்பத்தில் பாதி தீரும்.

சிறு உடல் என்பதற்கு அளவுகோல் வகுத்தது பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரில் உள்ள மார்ட்டின் தொழிற்சாலை. ஜெர்மனியின் மார்க்நொய்கிர்ஹன் ஊரில் பிறந்த கிறிஸ்டியன் ஃபிரெடெரிக் மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் கடை தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய நிறுவனம் பூஜ்யங்களால் அளவைக் குறிக்கிறது. ஒற்றைப் பூஜ்யக் கிட்டாரின் அகன்ற கீழ்ப்பகுதி பதின்மூன்றரை அங்குலம். இரட்டைப் பூஜ்யம் பதினான்கு அங்குலத்தைச் சற்றே தாண்டும். மூன்று பூஜ்யம், அதாவது 000, பதினைந்து அங்குலம். 1902இல் 000 வந்தபோது அது பெரிய கிட்டாராகக் கருதப்பட்டது. இன்று அது சிறியவற்றின் வரிசையில் நிற்கிறது என்பதிலேயே இடைப்பட்ட காலத்தில் ரசனை எந்தப் பக்கம் வளர்ந்தது என்பது விளங்கும். டிரெட்நாட்டின் அகலம் 000ஐ விட அரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதல், அவ்வளவுதான். ஆனால் அதன் இடுப்பு தடித்தது, ஆழமும் அதிகம். அதனால் உள்ளே அடங்கும் காற்று மிகுதி. மிச்சிகனின் கலமசூ நகரில் இயங்கிய கிப்சன் தொழிற்சாலை 1930களின் தொடக்கத்தில் வெளியிட்ட எல்-00, பதினாலே முக்கால் அங்குல அகலமும் 24.75 அங்குலக் கம்பி நீளமும் கொண்டது. அதற்கு முன்னோடியான எல்-1 ஒன்றைப் பிடித்தபடிதான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசைக் கலைஞர் ராபர்ட் ஜான்சன் தம் புகழ்பெற்ற ஸ்டுடியோப் படத்தில் அமர்ந்திருக்கிறார்.

சிறிய பெட்டிக்குள் காற்று குறைவாகையால், ஒலித்துளை வழியாக அந்தக் காற்று இயல்பாக அதிரும் சுருதி சற்று உயர்ந்து நிற்கும். தாழ்ந்த சுரங்கள் டிரெட்நாட்டில் போல் உருண்டு பரவுவதில்லை. தொட்டவுடன் எழுந்து, அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. மேற்பலகையும் சிறியது என்பதால் அசைக்க வேண்டிய மரம் குறைவு. மெல்லிய தொடுகைக்கே விடை கிடைத்துவிடுகிறது. விரல்களால் மீட்டுபவர்களுக்கும் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக்கின் முன் அமர்பவர்களுக்கும் இது பெரிய வசதி. பிக் என்னும் சிறு தகட்டைப் பிடித்து ஓங்கி அடித்து, பத்துப் பேர் கூடிப் பாடும் பாட்டுக்குத் துணை வாசிப்பவர்களுக்கு இது போதாது. சிறு கிட்டாரை ஓங்கி அடித்தால் ஓர் அளவுக்கு மேல் ஒலி வளர்வதில்லை, முரடாகிறது. அவர்கள் இந்த ஒப்பீட்டை இத்தோடு விட்டுவிட்டு நல்ல டிரெட்நாட் ஒன்றைத் தேடுவதே முறை.

பழையதா புதியதா என்று பார்ப்பதற்கு முன் பன்னிரண்டா பதினான்கா என்று முடிவெடுத்துக்கொள்ள வேண்டும். கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃபிரெட்களில் எத்தனை உடலுக்கு வெளியே நிற்கின்றன என்பதே இந்த எண். பன்னிரண்டுதான் பழைய வழக்கம். 1929இல் அட்லாண்டாவைச் சேர்ந்த பாஞ்சோ கலைஞர் பெர்ரி பெக்டெல் கேட்டுக்கொண்டதற்கிணங்க, 000 உடலின் மேற்பகுதியைச் சுருக்கிப் பதினான்கு ஃபிரெட்கள் வெளியே நிற்கும்படி மார்ட்டின் செய்து கொடுத்தது. அதுவே ஆர்கெஸ்ட்ரா மாடல், சுருக்கமாக ஓஎம். பன்னிரண்டு ஃபிரெட் கிட்டாரில், வீணைக்காரர்கள் குதிரை என்று சொல்லும் பிரிட்ஜ், கீழ்ப்பகுதியின் நடுவை நோக்கி நகர்ந்து அமர்வதால் ஒலி வட்டமாகவும் இதமாகவும் வருகிறது. இடக்கையும் உடலுக்கு அருகே வந்துவிடுவதால் தோள் வலிப்பதில்லை. பதினான்கில் மேல் ஸ்தாயி எட்டும், ஒலி சற்றுக் கூர்மை பெறும். என் காதுக்கு இந்த வேறுபாடு, ஒரே மாதிரியில் ஐம்பது ஆண்டு இடைவெளியில் செய்யப்பட்ட இரு கிட்டார்களுக்கு இடையே கேட்கும் வேறுபாட்டைவிடப் பெரிது.

1944 என்னும் கோடு

பழையது என்று மொத்தமாகச் சொல்வதில் பொருளில்லை. சந்தையில் போட்டி போட்டுக்கொண்டு தேடப்படும் காலம் மிகக் குறுகியது: 1920களின் பிற்பகுதியிலிருந்து 1944 வரை. அதற்கு முந்தைய மார்ட்டின்கள் பெரும்பாலும் குடல் தந்திக்காகச் செய்யப்பட்டவை. எஃகுக் கம்பிக்கென்றே அந்நிறுவனம் 1922இல் 2-17 (கோட்டுக்கு முன் உள்ளது அளவு, பின் உள்ளது மரமும் அலங்காரமும் சார்ந்த வகை) என்னும் சிறிய மகாகனிக் கிட்டாரைக் கொண்டுவந்தது. மற்றவை அந்தப் பத்தாண்டின் இறுதிக்குள் படிப்படியாக மாறின. 1910இல் செய்யப்பட்ட அழகான 0-28 ஒன்று கிடைத்து, ஆசைப்பட்டு அதில் இன்றைய எஃகுக் கம்பிகளைப் பூட்டினால் மேற்பலகை வயிறு தள்ளிவிடும். மெல்லிய ரகம் என்று கடைகளில் விற்கும் சாதாரணக் கம்பிகள் ஆறும் சேர்ந்தே ஏறத்தாழ எழுபது கிலோ இழுவிசையைத் தருகின்றன. வளர்ந்த ஆள் ஒருவர் இரவும் பகலும் பிரிட்ஜைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பதற்கு இது ஒப்பு.

அந்த ஆளைத் தாங்குவது மேற்பலகையின் உட்புறத்தில் ஒட்டப்பட்ட பிரேஸ் எனும் மரக்குச்சிகள். அவற்றை எக்ஸ் வடிவில் அமைக்கும் முறையை மார்ட்டின் 1840களில் கையாளத் தொடங்கியது. குடல் தந்திக்காகப் பிறந்த அந்த அமைப்பு, எண்பது ஆண்டுகள் கழித்து வந்த எஃகுக் கம்பிக்கு அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியது என்பது இசைக்கருவி வரலாற்றின் நல்ல தற்செயல்களில் ஒன்று. 1930களில் அந்தக் குச்சிகளை வளைவாகக் குடைந்து செதுக்கினார்கள். வலிமை அதிகம் குறையாமல் எடை மட்டும் குறைந்தது. ஆனால் வாடிக்கையாளர்கள் மேலும் உரத்த ஒலி வேண்டிக் கனத்த கம்பிகளைப் பூட்டினார்கள், மேற்பலகைகள் புடைத்தன, பழுதுகள் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தன. 1944இன் இறுதியில் குடைவதை மார்ட்டின் நிறுத்திவிட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் அடிரோண்டாக் என்று வழங்கும் சிவப்பு ஸ்ப்ரூஸ் மரம் கிடைப்பது அரிதாகி, மேற்குக் கரையின் சிட்கா ஸ்ப்ரூஸ் அதன் இடத்தைப் பிடித்தது. 1943இல் செய்யப்பட்ட 000-18க்கும் 1948இல் செய்யப்பட்ட 000-18க்கும் இன்று விலையில் பெரிய பள்ளம் இருப்பதற்கு இவ்விரண்டுமே காரணங்கள். இரண்டு கிட்டார்களுமே இன்று எண்பது வயதை ஒட்டியவை. ஒலியைத் தந்தது வயதுதான் என்றால், இந்த ஐந்தாண்டு இடைவெளியைச் சந்தை பொருட்படுத்தியே இராது.

கிப்சனின் கதை வேறு மாதிரியானது. 1942இல் அந்நிறுவனம் எல்ஜி-2 என்னும் சிறு கிட்டாரைக் கொண்டுவந்தபோது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆண்கள் போர்முனைக்குச் சென்றிருக்க, கலமசூவில் அந்த ஆண்டுகளின் கிட்டார்களைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். தலைப்பகுதியில் சிறு பட்டையொன்றில் வாசகம் பொறித்த அந்தப் போர்க்காலக் கிட்டார்கள் இன்று தனி மதிப்புப் பெற்றிருக்கின்றன. கிடைத்த மரத்தைக் கொண்டு செய்ததால் ஒன்றுக்கொன்று வேறுபடும். வாசித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாத கிட்டார்கள் என்று ஒரு பட்டியல் போட்டால் இவற்றையே முதலில் வைப்பேன்.

வயதுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல வரவில்லை. மரத்தின் செல்சுவர்களில் உள்ள ஹெமிசெல்லுலோஸ் காலப்போக்கில் சிதைகிறது. அதனால் மரம் ஈரத்தை உறிஞ்சுவது குறைகிறது, சற்று இலேசாகிறது, அதிர்வை விழுங்காமல் விடுகிறது. பழைய கிட்டாரில் கார்வை நீள்வதற்கும் உயர்ந்த சுரங்கள் கண்ணாடிபோல் ஒலிக்காமல் இனிப்பதற்கும் இதில் ஒரு பங்கு இருக்கலாம். ஆயினும் நாம் காதை நம்புவதாக நினைத்துக்கொண்டு கண்ணையும் கதையையும் நம்பிவிடுகிறோம் என்பதற்குச் சான்று உண்டு. 2012இல் பாரிஸுக்கு அருகே வென்சென் நகரில் கிளாடியா ஃபிரிட்ஸ் குழுவினர் நடத்திய சோதனையில், பத்துத் தனிக்கச்சேரி வயலின் கலைஞர்கள் பார்வையை மறைத்துக்கொண்டு ஆறு பழைய இத்தாலிய வயலின்களையும் ஆறு புதிய வயலின்களையும் வாசித்தார்கள். பழையவற்றில் ஸ்ட்ராடிவாரியின் வயலின்களும் இருந்தன. ஆறு பேர் புதியதைத்தான் தேர்ந்தார்கள். கிட்டாருக்கே உரிய சோதனை 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. முதுகுக்கும் பக்கங்களுக்கும் மட்டும் வெவ்வேறு மரம், மற்றவை எல்லாம் ஒன்றுபோல் இருக்கும்படி ரோஜர் பக்னல் செய்து தந்த ஆறு கிட்டார்களை 52 பேர் எது எதுவென்று தெரியாமல் வாசித்தார்கள். விலையேறிய பிரேசில் ஈட்டி மரத்துக்கும் மலிவான மரங்களுக்கும் அவர்கள் தந்த மதிப்பெண்களில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

இந்தச் சோதனைகளைக் காட்டிப் பழைய கிட்டார் பிரியர்களின் வாயை அடைக்க முடியாது, அடைக்கவும் வேண்டியதில்லை. கதைக்கும் விலை உண்டு. எரிக் கிளாப்டன் 1992இல் தொலைக்காட்சிக்காக நடத்திய மின்னிணைப்பற்ற கச்சேரியில் வாசித்த 1939ஆம் ஆண்டு 000-42, 2004இல் ஏலத்தில் 7,91,500 டாலருக்குப் போனது. ஆனால் நமக்கு ஒலி வேண்டுமா கதை வேண்டுமா என்பதைக் கடைக்குள் நுழைவதற்கு முன்பே நமக்குள் தீர்த்துக்கொள்வது நல்லது.

இலேசாக இருப்பதன் விலை

எழுபது கிலோ இழுவிசை பல பத்தாண்டுகள் இடைவிடாமல் தொடர்ந்தால், இலேசான உடல் மெல்ல மடங்குகிறது. கழுத்தின் கோணம் முன்னோக்கிச் சாய்ந்து, கம்பிகள் ஃபிரெட்களை விட்டு உயர்கின்றன. முதலில், பிரிட்ஜின் மேல் கம்பிகளைத் தாங்கும் சேடிலைத் தேய்த்துத் தாழ்த்துவார்கள். தேய்க்க இடமில்லாமல் போனதும் கழுத்தைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டியதுதான். புறாவின் வால்போல் விரியும் கழுந்தாகச் செதுக்கிப் பொருத்திய கழுத்துக்குள் நீராவியைச் செலுத்திப் பசையை இளக்கி, கழற்றி, அடிப்பகுதியைச் சீவிக் கோணத்தைத் திருத்தி மறுபடி ஒட்டுவார்கள். நம் தச்சர்கள் வச்சிரம் என்று சொல்லும் தோல் பசையால் அந்நாளில் ஒட்டியிருப்பதால்தான் இது முடிகிறது. வெப்பமும் ஈரமும் பட்டால் அது இளகும். இடையில் யாரேனும் எப்பாக்ஸியை ஊற்றி ஒட்டிவைத்திருந்தால் அந்தக் கிட்டாரை வணங்கிவிட்டு வந்துவிட வேண்டும். அமெரிக்காவில் இவ்வேலைக்குப் பல நூறு டாலர் ஆகும். எல்லாரிடமும் கொடுக்கத்தக்க வேலையும் அன்று.

வாங்குபவர் இதைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. நேரான உலோக அளவுகோல் ஒன்றை ஃபிரெட்களின் மேல் கிடத்திப் பிரிட்ஜை நோக்கி நீட்டினால், அதன் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பில் வந்து படிய வேண்டும். விளிம்புக்குக் கீழே பிரிட்ஜின் முன்பக்கத்தில் முட்டி நின்றால் கழுத்து வேலை காத்திருக்கிறது என்று பொருள். பன்னிரண்டாம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பியின் உயரம் இரண்டரை மில்லிமீட்டர் அளவில் இருக்க, சேடிலும் மூன்று மில்லிமீட்டராவது வெளியே தெரிந்தால் நிம்மதியாகலாம். அடுத்ததாகச் சிறு கண்ணாடியும் விளக்கும் கொண்டு ஒலித்துளைக்குள் பார்த்து, பிரேஸ்கள் எங்கேனும் ஒட்டு விட்டிருக்கின்றனவா, பிரிட்ஜின் அடித்தகடு கம்பிகளின் நுனியில் உள்ள குண்டுகளால் அரிக்கப்பட்டிருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒழுங்காக ஒட்டி உள்ளே சிறு மரத்துண்டுகளால் வலுவூட்டப்பட்ட விரிசல்களைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நாட்பட்ட கிட்டாரில் அவை இல்லாவிட்டால்தான் வியப்பு. மேற்பூச்சை முழுவதும் சுரண்டிப் புதிதாகப் பூசியிருந்தால் சேகரிப்பாளர்கள் விலகுவார்கள், விலை ஏறத்தாழப் பாதியாகிவிடும். வாசிப்பதற்கென்று மட்டும் வாங்குபவருக்கு, பூச்சு மெல்லியதாக இருக்குமானால், இதுவே நல்ல வாய்ப்பு.

நான் செய்த தவறு இந்த அளவுகோல் சோதனையைக் கேட்டு வாங்காததுதான். சிகாகோவில் ஒரு காலத்தில் இலட்சக்கணக்கில் செய்யப்பட்ட மலிவு விலைக் கிட்டார்களில் ஒன்றை, படங்களை மட்டும் பார்த்து, தொலைவில் இருந்த ஒரு கடையிடமிருந்து வாங்கினேன். “நன்றாக வாசிக்க வருகிறது” என்று எழுதியிருந்தார்கள். முதல் மூன்று ஃபிரெட்கள் வரைக்கும் அது உண்மைதான். கழுத்தைச் சரிசெய்ய ஆகும் செலவு கிட்டாரின் விலையைத் தாண்டியதால், அதைச் சில காலம், கம்பிகளை ஃபிரெட்டில் அழுத்தாமல் மேலே குழலை வழுக்கி ஸ்லைடு வாசிப்பதற்கு மட்டும் வைத்திருந்து பிறகு கொடுத்துவிட்டேன்.

ஆனாலும் அந்த ரகக் கிட்டார்களைப் பழிக்க மனம் வரவில்லை. ஹார்மனி, கே முதலிய சிகாகோத் தொழிற்சாலைகளும், நியூஜெர்சியில் ஸ்டெல்லா கிட்டார்களைச் செய்த ஆஸ்கர் ஷ்மிட் நிறுவனமும் எக்ஸ் அமைப்புக்குப் பதிலாக ஏணிப்படி போல் குறுக்கே பிரேஸ்களை ஒட்டினார்கள். செய்வது சுலபம், செலவும் குறைவு. அதனால் கிடைத்த ஒலி வறண்டது, வெடுக்கென்று எழுந்து விரைவில் அடங்குவது, நடுச்சுரங்கள் மூக்கால் பேசுவது. பழைய புளூஸ் இசைத்தட்டுகளில் நாம் கேட்டுப் பழகிய ஒலி பெருமளவு இதுதான். அந்த ஒலியே வேண்டும் என்பவருக்கு விலையுயர்ந்த மார்ட்டின் எதுவும் ஈடாகாது.

மார்ட்டினில் இன்னொரு சிக்கல் உண்டு. கழுத்தின் வளைவைத் திருகித் திருத்தக்கூடிய உலோகத் தண்டை அந்நிறுவனம் 1985இல்தான் வைத்தது. அதற்கு முந்தையவற்றில் கழுத்து வளைந்தால் ஃபிரெட்களைப் பிடுங்கிப் புதிதாக இறக்கித்தான் நிமிர்த்த வேண்டும். கிப்சனோ 1923இலேயே அதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டது. எனவே 1930களின் எல்-00 ஒன்றையும் அதே காலத்து 00-18 ஒன்றையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒலியில் சமம் என்று தோன்றினால், வாசிப்பவர் கிப்சனை எடுப்பதே அறிவு. வயதைச் சரிபார்ப்பதில் மட்டும் மார்ட்டின் முந்தும்: 1898இல் 8000 என்று தொடங்கிய வரிசை எண் இடையறாது தொடர்வதால், எந்த ஆண்டுக் கிட்டார் என்பதை ஐயமின்றிச் சொல்லிவிடலாம். கிப்சனின் எண்களுக்குள் நுழைந்தவர்கள் எளிதில் வெளியே வருவதில்லை.

புதியவற்றில் எதை

புதிய கிட்டாரின் முதல் நன்மை சலிப்பூட்டுவது, ஆனால் பெரியது: அது வாங்கிய அன்றே வாசிக்க வரும், பத்தாண்டுகள் கழித்தும் வரும். கழுத்துக்குள் திருகு இருக்கிறது. டெக்சஸின் காலிங்ஸ் போன்றோர் கழுத்தை போல்ட்டால் பூட்டுகிறார்கள். கலிபோர்னியாவின் டெய்லர் 1999 முதல் கையாளும் முறையில் மெல்லிய தகடுகளை மாற்றிவைத்தே கோணத்தைத் திருத்திவிடலாம். நீராவியோடு ஒரு நாள் போராட வேண்டிய வேலை சில நிமிட வேலையாகச் சுருங்கிவிட்டது. போல்ட்டால் பூட்டினால் ஒலி கெடும் என்று வாதிடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்டுக் கண்டுபிடித்த ஒருவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

தீமை, பெரிய தொழிற்சாலைகளின் உத்தரவாதத்தில் ஒளிந்திருக்கிறது. ஆயுட்கால உத்தரவாதம் தரும் நிறுவனம், எந்தக் கம்பியைப் பூட்டினாலும் எந்த ஊரின் வெயிலில் வைத்தாலும் மேற்பலகை புடைக்காதபடி செய்தாக வேண்டும். எனவே பலகை தடிக்கிறது, பிரேஸ் தடிக்கிறது, பளபளப்பான செயற்கைப் பூச்சும் சேர்கிறது. பெயரிலும் அளவிலும் பழைய 00 போலவே இருந்தும் கையில் எடுத்தால் கனக்கும் புதிய கிட்டார்கள் கடைகளில் நிறைய உண்டு. அவற்றில் சிறு உடலின் குறை மட்டும் கிடைக்கும், நிறை கிடைக்காது.

இதற்கு மாற்றாக, பழைய அளவுகளையும் எடையையும் அப்படியே பின்பற்றுபவர்கள் இருக்கிறார்கள். 1976இல் ரிச்சர்ட் ஹூவர் தொடங்கிய சான்டா குரூஸ், மேய்ன் மாநிலத்தின் டேனா பூர்ஷ்வா, காலிங்ஸ் ஆகியோரின் பட்டறைகளை இவ்வகையில் சொல்லலாம். மார்ட்டினும் ஆதென்டிக் என்னும் வரிசையில் தன் 1930களின் கிட்டார்களைத் தோல் பசை உட்பட மறுபடி செய்கிறது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்த முயற்சி காலிங்ஸ் 2014இல் வாட்டர்லூ என்ற பெயரில் வெளியிட்டது. கிப்சன் பொருளாதார மந்தநிலைக் காலத்தில் கலமசூ என்ற பெயரில் விற்ற மலிவுக் கிட்டாரை எடுத்துக்கொண்டு, அதன் மெல்லிய பூச்சையும் எடையின்மையையும் காப்பாற்றி, கழுத்தை மட்டும் இன்றைய தரத்தில் செய்தார்கள். ஏணி அமைப்பிலும் எக்ஸ் அமைப்பிலும் கிடைக்கிறது. அன்று ஏழைகளின் கிட்டாராக இருந்ததன் நகல் இன்று ஓரளவு வசதி படைத்தவர்களே வாங்கக்கூடிய விலையில் இருக்கிறது என்பது ஒரு வேடிக்கை.

மரத்தை வயதாக்கும் உத்தியையும் விளம்பரங்களில் காணலாம். ஆக்சிஜன் இல்லாத சூளையில் ஸ்ப்ரூஸ் பலகையை வறுத்தால், மேலே சொன்ன ஹெமிசெல்லுலோஸ் சிதைவு பல பத்தாண்டுகளுக்குப் பதில் சில மணி நேரத்தில் நிகழ்கிறது. மார்ட்டின், யமஹா, பூர்ஷ்வா எல்லாரும் ஏதேனும் ஒரு பெயரில் இதைச் செய்கிறார்கள். பலகை சற்று நொறுங்கும் தன்மை பெறும் என்பதைத் தவிர இதில் குறையில்லை. என்றாலும் தடித்த பிரேஸின் மேல் வறுத்த பலகையை ஒட்டி விற்றால் அதற்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை.

கையில் உள்ள தொகை சிறியதென்றால், மார்ட்டினின் 000-15எம் போன்ற முழு மகாகனிக் கிட்டார், அல்லது சீனாவில் செய்யப்படும் ஈஸ்ட்மனின் திடமரக் கிட்டார்கள் போதுமானவை. ஒட்டுப்பலகை இல்லாமல் முழுவதும் திடமரமாக இருக்கிறதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மரமும் சட்டமும்

எல்லை கடந்து பயணம் செய்பவர்களும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்களும் மரத்தின் பெயரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பிரேசில் ஈட்டி 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருக்கிறது. உரிய சான்றின்றி அதை நாட்டு எல்லை தாண்டிக் கொண்டுசெல்வது குற்றம். உடல் முழுவதும் மகாகனியாக இருக்கும் 1950களின் கிட்டாரில்கூட, விரல்கள் அழுத்தும் ஃபிங்கர்போர்டும் பிரிட்ஜும் பிரேசில் ஈட்டியாக இருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இன்னும் பழையவற்றில் யானைத் தந்தத்தாலான சேடிலும், கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டும் இருப்பதுண்டு. மார்ட்டின் 1969இல் பிரேசில் ஈட்டியை விட்டு இந்திய மரத்துக்கு மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் நாம் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் அழைக்கும் அதே மரம்தான். நாசரேத் கிட்டார்களின் முதுகில் அரை நூற்றாண்டாக ஒலித்துக்கொண்டிருக்கிறது. அது 2017 முதல் முழுமையாக இரண்டாம் பட்டியலின் கட்டுப்பாட்டுக்குள் வந்தாலும், செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளிக்கப்பட்டது. ஆக, புதிய கிட்டாருடன் விமானம் ஏறுபவருக்கு இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை.

தட்பவெப்பத்திலும் புதியது தாக்குப்பிடிக்கும். கிட்டாருக்குப் பிடித்த ஈரப்பதம் நூற்றுக்கு 45 முதல் 55 வரை. சென்னையிலும் சிங்கப்பூரிலும் அது ஆண்டு முழுவதும் மிஞ்சிக் கிடக்கும், டொராண்டோவின் குளிர்காலத்து வீட்டுக்குள் மிகவும் தாழ்ந்துவிடும். தோல் பசையால் ஒட்டிய மெல்லிய பெட்டியை வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுப் போவது எந்த ஊரிலும் விபரீதம்.

ஒரே ஒரு சிறு கிட்டார்தான் வாங்க முடியும் என்றால் நான் புதியதையே வாங்குவேன்: பன்னிரண்டு ஃபிரெட், 00 அளவு, மகாகனி உடல், ஸ்ப்ரூஸ் மேற்பலகை, போல்ட்டால் பூட்டிய கழுத்து, உள்ளே மின்கலமோ, ஒலிபெருக்கிக்கு இணைக்க உதவும் பிக்கப்போ இல்லாதது. ஏற்கெனவே வாசிக்கத்தக்க கிட்டார் ஒன்று வீட்டில் இருந்து, இரண்டாவதாக ஒன்று வாங்குபவருக்கு மட்டும் பழையதைப் பரிந்துரைப்பேன். அப்போதும் 1930களின் பக்கம் போகாமல், 1950களின் 0-15 அல்லது 00-17 போதும். பிரேஸ்களில் குடைவு இல்லைதான். ஆனால் பலகை சிறியது, மேலே அலங்காரம் ஏதுமில்லை, கருவி இலேசாகவே இருக்கிறது, போருக்கு முந்தைய கிட்டாரின் விலையில் சிறு பங்குக்குக் கிடைக்கிறது. கழுத்து வேலை முடிந்த கிட்டாராகப் பார்த்து வாங்க வேண்டும். அதற்காகச் சற்றுக் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கலாம்.

இப்போதெல்லாம் விற்பவர் பழைய கடைக்காரரானாலும் புதிய பட்டறையானாலும் அவரிடம் நான் இரண்டு படங்களைக் கேட்கிறேன். ஒன்று, அளவுகோல் பிரிட்ஜைத் தொடும் இடம். மற்றொன்று, விமானப் பயணத்துக்குப் பெட்டி நிறுக்கும் கைத்தராசில் அந்தக் கிட்டார் தொங்கும் காட்சி. 1.8 கிலோவைத் தாண்டினால், மூடிய பெட்டி போன்ற கனத்த சுருதித் திருகுகள் எவ்வளவு சேர்க்கின்றன என்று கழித்துப் பார்ப்பேன். அதன் பிறகும் தாண்டினால் விட்டுவிடுவேன். இரண்டாம் படத்தைக் கேட்டதும் சிலர் சிரிக்கிறார்கள். முதல் படத்தை அனுப்பத் தயங்குபவரிடம் நான் விலை பேசுவதில்லை.